கிளினிக் கொப்பிக்கு உறை போட்டவள்

எந்த ஆஸ்பத்திரி என்று நான் எழுதப் போவதில்லை. எழுதினால் ஒரு கூட்டம் ஆஸ்பத்திரியைத் திட்டும், இன்னொரு கூட்டம் என்னைத் திட்டும், இரண்டு நாளில் எல்லோரும் வேறு சண்டைக்குப் போய்விடுவார்கள். அதையெல்லாம் கேட்டுக்கொண்டிருக்க எனக்குத் தெம்பு இல்லை. மாத்தளை மாவட்டத்தில் ஓர் அரசாங்க ஆஸ்பத்திரி, அவ்வளவுதான். இரத்தோட்டைப் பக்கத்திலிருந்து பஸ் ஏறிப் போக வேண்டும், வரிசையில் நிற்க வேண்டும், திட்டு வாங்க வேண்டும்.

இப்போது பின்னேரம் நாலு மணி. அக்காவை இடது பக்கம் புரட்டிப் படுக்க வைத்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன். ஆறு மணிக்கு வலது பக்கம் புரட்ட வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டாவிட்டால் முதுகு புண்ணாகிவிடும். ஒரு வருஷத்துக்கு மேலாக என் கடிகாரம் இப்படித்தான் ஓடுகிறது. அக்காவின் கண் திறந்திருக்கும், பார்க்கிறாளா என்று தெரியாது. பேச்சு இல்லை. வலது கை மட்டும் அசையும். அந்தக் கை படுக்கை விரிப்பைத் தடவித் தடவி மடிப்பு எடுத்துக்கொண்டே இருக்கும். நிறுத்தச் சொன்னால் நிறுத்தாது.

அக்கா என்னைவிடப் பதினாலு வயது மூத்தவள். அம்மா போனபோது எனக்கு ஐந்து வயது. அன்றிலிருந்து எனக்குத் தலை வாரியதும் சோறு ஊட்டியதும் அவள்தான். அவள் தேயிலைக் கொழுந்து பறித்தாள், நான் படித்தேன். நான் டீச்சராகி முதல் நாள் சேலை கட்டிக்கொண்டு போனபோது, மலையிலிருந்து இறங்கி ரோட்டுக்கு வந்து, கூடையோடு நின்று பார்த்துவிட்டுத் திரும்பி ஏறிப் போனாள். அரை நாள் கூலிப் பேர் போயிற்று என்று கங்காணி சத்தம் போட்டானாம். அவள் அதைச் சிரித்துக்கொண்டு சொன்னாள்.

நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதற்குப் பெரிய கதை ஒன்றும் கிடையாது. அக்காவின் புருஷன் இறந்த பிறகு அவளும் தொழிலாளர் வரிசை வீடான லயத்தை விட்டு, தோட்டத்துக்குக் கீழே ரோட்டோரத்தில் நான் கட்டிய வீட்டுக்கு வந்துவிட்டாள். எனக்கு ஐம்பத்தெட்டு வயது, தலை முழுக்க வெள்ளை, பள்ளிக்கூடத்தில் இருந்த காலத்தில் நான் நடந்தால் வகுப்பு மூச்சு விடாது. அவளோ பஸ்ஸில் இருந்து இறங்கும்போதே ஊருக்குக் கேட்கும்படி 'பாப்பா' என்று கூப்பிடுவாள். எத்தனை தடவை சொல்லியும் விடவில்லை.

அவளுக்குச் சீனி வருத்தம், சர்க்கரை வியாதிதான், பிரஷரும். மாதம் ஒரு தடவை கிளினிக். நம் ஆஸ்பத்திரிகளில் கிளினிக் நோயாளியின் கதை முழுக்க ஒரு கொப்பியில்தான் இருக்கும். கடையில் வாங்கும் சாதாரணப் பள்ளிக்கூடக் கொப்பி. டொக்டர் அதில் எழுதுவார், நாம் அதை வீட்டுக்குக் கொண்டுவந்து அடுத்த மாதம் திருப்பிக் கொண்டுபோக வேண்டும். தொலைத்தால் தொலைந்ததுதான். லயத்துப் பெண்கள் அதைச் சாமி படத்துக்குப் பின்னால், அரிசிப் பானைக்கு மேலே, தலையணைக்கு அடியில் என்று எங்கெங்கோ வைத்திருப்பார்கள். எண்ணெய் படும், மஞ்சள் படும், கூரை ஒழுகி நனையும்.

ஒரு கிளினிக் நாளில் அங்கே மேசையில் இருந்த நர்ஸ் ஒருத்தி அக்காவின் கொப்பியை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்துவிட்டு, இது என்ன அடுப்புத் துணியா என்று சிங்களத்தில் கேட்டு, மேசைக்கு அந்தப் பக்கம் தள்ளிவிட்டாளாம். கொப்பி கீழே விழுந்தது. வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அக்கா குனிந்து எடுத்துக்கொண்டு வந்தாள். அன்றைக்கு வீட்டில் அவள் சாப்பிடவில்லை. எனக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில் இருக்கும். அந்த நர்ஸை நேரில் போய் நாலு கேள்வி கேட்கிறேன் என்று கிளம்பினேன். அக்காதான் கையைப் பிடித்து இழுத்தாள்.

"வேணாம் பாப்பா. நாளைக்கு நான்தானே அங்க போய் நிக்கணும்."

அதனால் நான் என் கோபத்தைக் கொப்பியில் காட்டினேன். புதுக் கொப்பி வாங்கி, பிறவுண் பேப்பரில் உறை போட்டு, அதன் மேல் பொலித்தீன் போட்டு, நாலு மூலையும் டேப் ஒட்டி, முகப்பில் பெயரும் கிளினிக் நம்பரும் மூன்று மொழியிலும் என் குண்டு எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். முப்பது வருஷம் பிள்ளைகளின் கொப்பிக்கு உறை போட்ட கை. அடுத்த கிளினிக்கில் அதே நர்ஸ் அந்தக் கொப்பியைத் தூக்கி வரிசைக்கே காட்டி, கொப்பி என்றால் இப்படி வைத்திருக்க வேண்டும் என்றாளாம். அக்கா வந்து சொன்ன சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே. வரிசையில் உட்கார்ந்திருக்கும் நேரமெல்லாம் மடியில் கொப்பியை வைத்து உள்ளங்கையால் தடவிக்கொண்டே இருப்பாள்.

அதற்குப் பிறகு மேல் லயத்துப் பெண்கள் எல்லோரும் என்னிடம் வர ஆரம்பித்தார்கள். வருஷா வருஷம் ஜனவரியில், பள்ளிக்கூடம் தொடங்கும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கள் வீட்டு முன்னறையில் கிளினிக் கொப்பிகளுக்கு உறை போடுவது ஒரு வழக்கமாகிவிட்டது. சீனிக் கொப்பி, பிரஷர் கொப்பி, வீசிங் கொப்பி, பிள்ளைத்தாச்சிக் கொப்பி. நான் பேப்பரை அளந்து வெட்டுவேன். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து, நான் மடிக்கும் விளிம்பை உள்ளங்கையால் அழுத்திப் பிடிப்பாள். ஒழுங்காக உட்காராதவர்களை நான் அதட்டுவேன். கொப்பியை நாய்க்காது போல மடித்து வைத்திருப்பவர்களுக்கு ஒரு பாட்டு விழும். அவர்கள் சிரித்துக்கொண்டே தலையைக் குனிந்துகொள்வார்கள். எனக்கு அந்த ஞாயிற்றுக்கிழமைகள் பிடித்திருந்தன, அதை மறைத்து என்ன ஆகப் போகிறது.

இனி நடந்ததைச் சொல்கிறேன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் எனக்கு மாத்தளை டவுனில் ஒரு கிழமை முழுக்கப் பயிற்சி வகுப்பு. தங்கித்தான் செய்ய வேண்டும் என்றார்கள். நான் இல்லாத நாளில் அக்காவுக்குப் பல் வீங்கி, எங்கேயோ போய் மாத்திரை வாங்கிப் போட்டிருக்கிறாள். போட்ட அரை மணி நேரத்தில் உடம்பெல்லாம் தடித்து, உதடு வீங்கி, தொண்டை அடைத்திருக்கிறது. கடைசி வரிசையான தொங்க லயத்தில் இருக்கும் ஒரு பெண் அக்காவை ஓட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் காப்பாற்றினாள். முப்பத்தைந்து வயது இருக்கும் அவளுக்கு, கொழுந்து பறிப்பவள், புருஷன் கொழும்பில் ஹோட்டல் வேலை. இன்றைக்கும் காலையில் வந்து அக்காவைக் குளிப்பாட்ட எனக்குக் கை கொடுப்பவள் அவள்தான்.

நான் சனிக்கிழமை திரும்பி வந்தபோது அக்கா நன்றாகத்தான் இருந்தாள். ஏதோ மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை, டொக்டர் கொப்பியில் எழுதியிருக்கிறார் என்று சொன்னாள். நான் சரி என்றேன். அவ்வளவுதான். எந்த மாத்திரை, என்ன எழுதினார், ஒன்றும் கேட்கவில்லை. பஸ்ஸில் நின்றுகொண்டு வந்த களைப்பு. பழைய கொப்பி முடிந்து புதுக் கொப்பி தொடங்கிய மாதம் அது. புதுக் கொப்பிக்கு இன்னும் உறை போடவில்லை.

ஜனவரி ஞாயிற்றுக்கிழமை வந்தது. அக்காவின் கொப்பியும் வந்தது. அதன் முகப்பில், பெயருக்கு மேலே குறுக்காக, சிவப்பு மையில் ஏதோ கிறுக்கி இரண்டு கோடு இழுத்திருந்தது. பக்கத்தில் ஒரு எண்ணெய்க் கறை. நான் அதைப் பார்த்தேன். பார்க்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் படிக்கவில்லை. சிவப்பு மை என்றால் எனக்குப் பிழை திருத்தும் மை. முகப்பில் சிவப்பு மை இருப்பது எனக்கு அசிங்கமாகப் பட்டது, அதற்கு மேல் ஒன்றும் தோன்றவில்லை. பிறவுண் பேப்பரை வைத்தேன், மடித்தேன், அக்கா அழுத்திப் பிடித்தாள், டேப் ஒட்டினேன். முன்னைவிட அழகாக எழுதினேன்.

போன வருஷம் மழை நேரத்தில், கொல்லையில் மிளகுக் கொடிக்காக வெட்டிவிட்ட ஒரு கட்டை அக்காவின் காலில் குத்தியது. சீனிக்காரிக்குக் காலில் புண் வந்தால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். நாலாம் நாள் கால் சிவந்து முழங்கால் வரை வீங்கி, காய்ச்சல். விடியற்காலையில் ஓட்டோவில் கொண்டுபோனேன். வாட்டில் நிப்பாட்டி வைத்தியம் பார்க்க வேண்டும் என்றார்கள். கட்டில்கள் நிறைந்து, ஒரு கட்டிலில் இரண்டு பேர், நடுவில் பாய் போட்டும் ஆட்கள். அத்தனை பேருக்கும் இரண்டே நர்ஸ்மார். ஒருத்தி சின்னப் பெண், படிப்பு முடித்து வந்து ஒரு வருஷம்கூட ஆகியிருக்காது. நான் கொப்பியை அவள் கையில் கொடுத்தேன். அவள் நிமிர்ந்து பார்க்காமல் வாங்கிக்கொண்டு, ஆட்களைப் பார்க்கும் நேரம் பன்னிரண்டு மணி, அதுவரை வெளியே நில்லுங்கள் என்றாள்.

நான் போய் வெளிப் பெஞ்சில் உட்கார்ந்தேன். ஏதாவது மருந்து ஒத்துக்கொள்ளாதா என்று என்னை ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கு நினைவு வந்திருக்குமா என்று இந்த ஒரு வருஷமாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஒரு நாள் வந்திருக்கும் என்று தோன்றுகிறது, மறுநாள் வந்திருக்காது என்று தோன்றுகிறது.

பன்னிரண்டு மணிக்கு கேட் திறந்தார்கள். நான் கஞ்சிப் போத்தலோடு உள்ளே போனபோது அக்காவின் கட்டிலைச் சுற்றித் திரை இழுத்திருந்தது. உள்ளே ஆட்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள். பக்கத்துக் கட்டிலில் இருந்த சிங்களக் கிழவி என் கையைப் பிடித்துக்கொண்டு, ஊசி போட்டு ஐந்து நிமிஷம் ஆகவில்லை மகளே என்றாள். திரைக்குக் கீழே அக்காவின் ஒரு செருப்பு கவிழ்ந்து கிடந்தது. அதைப் போய் நிமிர்த்தி வைத்தேன். ஏன் செய்தேன் என்று தெரியாது.

நின்ற நெஞ்சை மறுபடி ஓட வைத்துவிட்டார்கள். அதைச் சொல்லத்தான் வேண்டும், அதற்காக அவர்கள் பட்ட பாட்டை நான் பார்த்தேன். ஆனால் அதற்குள் மூளைக்குக் காற்றுப் போகாமல் சில நிமிஷம் ஆகிவிட்டது. அம்புலன்ஸில் ஏற்றி வேறு ஊர் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே குழாய்களோடு பல நாள். பிறகு ஒரு டொக்டர் என்னை உட்கார வைத்து, இனி இப்படித்தான் இருப்பார், வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்றார். போட்டது பெனிசிலின் வகை மருந்து என்றும் அவர்தான் சொன்னார்.

அப்போதுதான் எனக்குப் பழைய மாத்திரைக் கதை நினைவு வந்தது. டொக்டர் கொப்பியில் எழுதினார் என்று அக்கா சொன்னாளே. எழுதியிருந்தும் பார்க்காமல் ஊசி போட்டிருக்கிறார்கள் என்று எனக்கு வெறி வந்துவிட்டது. அன்றைய பக்கத்தைப் புரட்டிப் பார்த்தேன். கோழிக் கிறுக்கலில் நாலைந்து மருந்துப் பெயர், அதற்கு மேல் என்னால் படிக்க முடியவில்லை. இதற்குள்தான் எங்கேயோ இருக்கிறது என்று முடிவு செய்துகொண்டேன். மூன்று மொழியில் மனு எழுதினேன். மேலிடத்துக்கெல்லாம் பதிவுத் தபாலில் அனுப்பினேன். வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் அந்தச் சின்ன நர்ஸைக் கொலைகாரி என்று சொன்னேன். சொல்லிச் சொல்லி எனக்கே வாய் வலித்தது. லீவு முடிந்து, வேலையையும் முன்கூட்டியே விட்டுவிட்டேன்.

எட்டு மாதம் கழித்து விசாரணைக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்தது. கிளினிக் கொப்பியும் அதன் முழுப் பிரதியும் கொண்டுவர வேண்டும். காலையில் இரத்தோட்டைக்குப் போய், பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு முஸ்லிம் நானா வைத்திருக்கும் கடையில் போட்டோக் கொப்பி எடுக்கக் கொடுத்தேன். உள்பக்கமெல்லாம் எடுத்துவிட்டார். முகப்பு மட்டும் வெள்ளையாக வந்தது. பொலித்தீன் வெளிச்சம் அடிக்கிறது, கழற்றினால்தான் வரும் என்றார். நானே பிளேடு வாங்கி டேப்பை வெட்டினேன். நான் போட்ட உறை லேசில் கழலாது. பொலித்தீன் கழன்றது. பிறவுண் பேப்பர் அதோடு ஒட்டிக்கொண்டு வந்தது.

சிவப்பு எழுத்து மங்கக்கூட இல்லை. வெயில் படாமல் இருந்ததால் நேற்று எழுதியது போல இருந்தது. பெனிசிலின் ஒத்துக்கொள்ளாது, கொடுக்கவே கூடாது. ஆங்கிலத்தில், பெரிய எழுத்தில், கீழே இரண்டு கோடு. ஒரு நாலாம் வகுப்புப் பிள்ளை எழுத்துக்கூட்டிப் படித்துவிடும்.

நானா என்னைப் பார்த்துவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டார். தண்ணீர் கொடுத்தார். ஒன்றும் கேட்கவில்லை. பிறகு எழுந்து அவரிடமே ஒரு பிறவுண் பேப்பரும் டேப்பும் வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டேன். எதற்கு வாங்கினேன் என்று உங்களுக்குத் தெரியும். பஸ்ஸில் போகும்போதே போட்டுவிடலாம், பத்து நிமிஷ வேலை. முகப்பில் ஒன்றும் இல்லை, உள்ளே எழுதியதை அவர்கள் படிக்கவில்லை, முடிந்தது கதை. பஸ்ஸில் மடியில் கொப்பியை வைத்துக்கொண்டு பேப்பரை விரித்தும் விட்டேன். அந்தச் சின்ன நர்ஸின் முகத்தை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தேன், வரவில்லை. அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை என்று அத்தனை மனுவில் எழுதினேனே, நான் மட்டும் அவளைப் பார்த்தேனா? பேப்பரை மடித்துத் திரும்பப் பைக்குள் வைத்தேன். நல்ல மனசு வந்து செய்ததில்லை. கை ஓடவில்லை.

விசாரணை ஒரு சின்ன அறையில் நடந்தது. நடுத்தர வயது அதிகாரி ஒருவர், எழுதுவதற்கு ஒரு கிளாக், மூலையில் அந்தச் சின்ன நர்ஸ். எல்லாம் சிங்களத்தில்தான். எனக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. நான் கொப்பியை உறையில்லாமல் மேசையில் வைத்தேன். பக்கத்தில் கழற்றிய உறையையும் வைத்தேன். இதை மறைத்தது நான்தான், கொப்பி அழுக்காகிறது என்று திட்டு வாங்கியதால் போட்டேன், படிக்காமல் போட்டேன் என்று சொன்னேன். இரண்டு வரி.

அதிகாரி கெட்டவர் இல்லை. ஆனால் அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்ததை நான் பார்த்தேன். பள்ளிக்கூடத்தில் கதவுக் கண்ணாடியை உடைத்தது வேறு வகுப்புப் பிள்ளை என்று தெரிந்தால் என் முகத்திலும் அதே நிம்மதி வரும். மரியாதையாக, உண்மையைச் சொன்னதற்கு நன்றி டீச்சர் என்றார். கிளாக் வேகமாக எழுதினார். அதிகாரி கோப்பை மூடப் போனார்.

அப்போது அந்த நர்ஸ் எழுந்து நின்றாள். அவள் சொன்னதை அப்படியே தமிழில் எழுதுகிறேன்.

"நான் கேட்கவில்லை சேர். வாட்டில் நோயாளிக்கு எழுதும் டிக்கட்டில் மருந்து ஒவ்வாமை என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் இல்லை என்று எழுதியது நான். அந்த அம்மாவிடமும் கேட்கவில்லை, வெளியே இருந்த டீச்சரையும் கூப்பிட்டுக் கேட்கவில்லை. கட்டம் காலியாக இருந்தால் பெரிய சிஸ்டர் திட்டுவார். அதனால் காலையில் வந்தவுடன் எல்லா டிக்கட்டிலும் இல்லை என்று எழுதி வைத்துவிடுவோம். நான் மட்டும் இல்லை, எல்லோரும்."

கிளாக் எழுதாமல் அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி, அது இப்போது தேவையில்லை, நீங்கள் உட்காருங்கள் என்றார். அவ்வளவு நேரம் செத்துக்கிடந்த என் கோபம் அப்போது எழுந்தது. நான் மேசையில் கையை வைத்துக்கொண்டு சொன்னேன்.

"நான் சொன்னவுடன் எழுதினீர்கள். அவள் சொல்வதையும் எழுதுங்கள். நான் ஒரு கொப்பியைத்தான் மூடினேன். இவர்கள் தினமும் ஒரு வாட்டையே மூடுகிறார்கள். இதை எழுதாவிட்டால் நாளைக்குக் காலையிலும் எல்லா டிக்கட்டிலும் இல்லை என்றுதான் எழுதுவார்கள்."

பார்க்கிறோம் டீச்சர் என்றார். பார்த்தாரோ என்னவோ. மூன்று மாதம் கழித்து ஒரு பக்கக் கடிதம் வந்தது. நோயாளியின் பாதுகாவலரால் முக்கியமான தகவல் மறைக்கப்பட்டதே சம்பவத்துக்குக் காரணம் என்றும், சம்பந்தப்பட்ட ஊழியருக்கு அறிவுரை கூறப்பட்டது என்றும் இருந்தது. கட்டத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. நான் கடிதத்தை இரண்டாக மடித்துக் கொப்பிக்குள் வைத்தேன். திரும்ப மனு எழுத உட்கார்ந்தேன், இரண்டு வரிக்கு மேல் போகவில்லை. அக்காவைப் புரட்டும் நேரம் வந்துவிட்டது.

ஆனால் ஒரு வேலை மிச்சம் இருந்தது. நான் உறை போட்டது அக்காவின் கொப்பிக்கு மட்டுமா? இருபதுக்கு மேல். ஒரு ஞாயிற்றுக்கிழமை தொங்க லயத்துப் பெண்ணை அக்காவுக்குக் காவல் வைத்துவிட்டு, பிளேடை எடுத்துக்கொண்டு லயத்துக்கு ஏறினேன். ஏறும்போது மூன்று இடத்தில் நின்று மூச்சு வாங்கினேன். வாசல் வாசலாகக் கொப்பியைக் கேட்டு வாங்கி, உறையைக் கிழித்து, முகப்பைப் படித்தேன். பாவம், அவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அழகாத்தானே இருந்துச்சு டீச்சர், ஏன் கிழிக்கிறீங்க என்று ஒருத்தி அழாக்குறையாகக் கேட்டாள். ஒவ்வொரு வாசலிலும் நின்று, நான் செய்ததைச் சொன்னேன். எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டு கேட்டார்கள். யாரும் என்னை ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வேறு எந்தக் கொப்பியிலும் சிவப்பு எழுத்து இல்லை. இறங்கி வீட்டுக்கு வந்தபோது அப்பாடா என்றிருந்தது. அந்தப் பெண் அக்காவின் தலைமாட்டில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தாள். உன் கொப்பிதான் மிச்சம், கொண்டா என்றேன். அவளுக்கு வீசிங் கிளினிக். கூடவே கொண்டுவந்திருந்த பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். உறை ஏற்கனவே கழற்றியிருந்தது. எப்போது கழற்றினாய் என்று கேட்டேன். அக்காவுக்கு ஊசி போட்ட அன்றைக்கே என்றாள்.

எனக்கு விளங்கவில்லை. நானே எட்டு மாதம் கழித்துத்தான் கண்டேன், உனக்கு அன்றைக்கே எப்படித் தெரியும் என்றேன். அவள் விசிறியைக் கீழே வைத்தாள். தரையைப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

"டொக்டர் எழுதுறப்ப நானுந்தானே டீச்சர் பக்கத்துல நின்னேன். எங்க போனாலும் இதக் காட்டணும்னு ரெண்டு பேருகிட்டயும் சொன்னாரு. நீங்க ஒற போட்டப்பவும் நான் இங்கதான் உக்காந்திருந்தேன். செவப்பு எழுத்து மறையுதே, டீச்சர்கிட்ட சொல்லுங்கன்னு அக்கா காதுல சொன்னேன்."

அக்கா என்ன சொன்னாள் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"சும்மா இரு, பாப்பாவுக்குத் தெரியாததா, அவ படிச்சவளாச்சேன்னாங்க. அப்புறம் என்னப் பாத்து, இப்பக் கேட்டா கோவப்படுவான்னு சொல்லிச் சிரிச்சாங்க."

நீயாவது என்னிடம் சொல்லியிருக்கலாமே என்றேன். உங்ககிட்ட எப்படிங்க டீச்சர் என்றாள். அதில் குத்தல் ஒன்றும் இல்லை. ஆஸ்பத்திரி மேசைக்கு முன்னால் நின்று, அது என்ன மருந்து என்று நம் ஆட்கள் எப்படிக் கேட்க மாட்டார்களோ, அப்படித்தான் என் வீட்டு முன்னறையிலும் இருந்திருக்கிறார்கள். நான் அதட்டும்போது தலையைக் குனிந்து சிரித்தார்களே, அதை நான் பிரியம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பிரியமும்தான் இருந்திருக்கும். இத்தனை நாள் அவள் அதை மனதில் வைத்துக்கொண்டு, தினமும் காலையில் வந்து என்னோடு சேர்ந்து அக்காவைத் தூக்கியிருக்கிறாள்.

அன்றைக்கு அவள் போன பிறகு நான் அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா, எனக்குத் தெரியலடி, நான் படிக்கவே இல்லடி என்று சொன்னேன். அவளை 'டி' போட்டுப் பேசியது என் வாழ்க்கையில் அது ஒரு தடவைதான். அவள் கண் மேலே சீலிங்கைப் பார்த்தபடி இருந்தது. அதற்குப் பிறகும் பல தடவை சொல்லிவிட்டேன். பதில் வராது என்று தெரிந்தும் சொல்கிறேன்.

மணி ஆறாகப் போகிறது, வலது பக்கம் புரட்ட வேண்டும். உள்ளே அவள் விரிப்பைத் தடவும் சத்தம் இங்கே கேட்கிறது. பழைய கிளினிக் வரிசையின் நினைவில் கொப்பியைத் தடவுகிறாள் என்று முன்பெல்லாம் வருகிறவர்களிடம் சொல்வேன். இப்போது சொல்வதில்லை. அன்றைக்குச் சிவப்பு எழுத்தின் மேல் நான் பேப்பரை மடித்தபோது, என்ன மறைகிறது என்று தெரிந்துகொண்டே, பாப்பா செய்தால் சரியாகத்தான் இருக்கும் என்று அழுத்திப் பிடித்த கை அது.